ஜன்னலைச் சாத்தாதீங்க

ஜன்னலைச் சாத்தாதீங்க, தம்பி. தூறல்தானே. நனைந்தால் காய்ந்துவிடும். எனக்குக் காற்று வேண்டும். மூஞ்சியில் அடிக்கிற மாதிரி வேண்டும்.

வாந்தியா? எனக்கா? இதே ரோட்டில் முப்பது வருஷம் கண்டக்டராக நின்றுகொண்டே போனவன் நான். வாந்தியாம்.

காலைக் கொஞ்சம் தள்ளி வையுங்க. அந்தக் கூடையில் இடிக்க வேண்டாம். உள்ளே காய்கறி.

சரி, கத்துகிற காய்கறி. பூனைதான். மெதுவாகப் பேசுங்க. அந்தக் கண்டக்டர் பையன் காதில் விழுந்தால் இறக்கி விட்டுவிடுவான். நானாக இருந்தால் இந்நேரம் இறக்கி விட்டிருப்பேன். ஒருத்தி கோழியைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு ஏறினாள். கோடாங்கிபட்டியில் இறக்கினேன். "ஏண்ணே, முட்டை போடுற கோழிண்ணே" என்றாள். "அப்படின்னா முட்டைக்கும் சேத்து ரெண்டு டிக்கெட் எடு" என்றேன். ரூல் என்றால் ரூல்.

இது வேறு. இது வைத்தியம்.

நீங்கள் மதுரைக்கா? போங்க. நான் ஆண்டிபட்டி. க.விலக்கு பெரியாஸ்பத்திரிக்கு இல்லை. அதைத் தாண்டி ஆண்டிபட்டி. டிக்கெட்டைப் பாருங்க, ஆண்டிபட்டி என்றுதானே போட்டிருக்கிறது? அங்கே மாட்டு டாக்டர் ஒருத்தர், ரிட்டயர் ஆனவர். என் பஸ்ஸில் வந்து பழக்கம். ஒரு கேள்வி கேட்க மாட்டார். பூனையைக் காட்டிவிட்டு வந்துவிடுவேன்.

கைக்கு ஒன்றுமில்லை. கதவில் நசுங்கியது. அதற்குத்தான் இந்தத் துணி.

கொஞ்சம் இருங்க. ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

ம். இறங்கிவிட்டது.

தாகம் இல்லை. சும்மா குடித்தேன். குடித்தால் குற்றமா?

நீங்கள் கூடையையே பார்க்கிறீர்கள். சொல்லித் தொலைக்கிறேன். சொல்லவில்லை என்றால் மதுரை வரைக்கும் பார்த்துக்கொண்டே போவீர்கள்.

போடியில் என் வீட்டுக்குப் பின்னால் கறிக்கடை. தெருவில் இருக்கிற பூனை அத்தனையும் என் ஓட்டு மேல்தான். எனக்குப் பூனை ஆகாது. இதை முதலில் தெரிந்துகொள்ளுங்க. ஆகவே ஆகாது. சித்திரையில் இந்தச் சாம்பல் பூனை, ஒரு காது கிழிந்தது, என் டிரங்குப் பெட்டிக்குள் குட்டி போட்டுவிட்டது. என் காக்கிச் சட்டை மேல். பெட்டியைத் திறந்து போட்டது என் மகள் தமயந்தி. திருப்பூரிலிருந்து வந்தாள், எதையோ தேடினாள், மூடாமல் போய்விட்டாள். எல்லாம் அவளால் வந்தது.

குட்டிகளைத் தூக்கி வெளியே வைக்கப் போனேன். தாய்க்காரி பாய்ந்தாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் ஒரே கோடு. சுண்ணாம்பு தடவினேன். எரிந்தது. எரிந்தால் விஷம் இறங்குகிறது என்றுதானே அர்த்தம்?

தமயந்தி போனில் அழுது, பக்கத்து வீட்டுக்காரனை ஏவிவிட்டு, என்னைச் சுகாதார நிலையத்துக்கு அனுப்பினாள். அங்கே ஒரு சின்ன டாக்டரம்மா. சுண்ணாம்பைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "இதெல்லாம் வைக்கக் கூடாதுய்யா. சோப்புப் போட்டு, ஓடுற தண்ணில கால் மணி நேரம் கழுவணும். ஊசி இன்னைக்கே ஆரம்பிக்கணும். காயம் ஆழமா இருக்கு, க.விலக்குக்குப் போங்க, காயத்தைச் சுத்தியும் ஒரு மருந்து போடுவாங்க. பூனையையும் பத்து நாள் கவனிங்க" என்றாள்.

மூன்று விஷயம் சொன்னாள். கழுவு, ஊசி போடு, கவனி. நான் இரண்டு செய்தேன். கழுவினேன். அன்றிலிருந்து சட்டைப் பையில் சோப்புத் துண்டு இல்லாமல் நான் வெளியே வருவதில்லை, இதோ பாருங்க. பூனையையும் கவனிக்கிறேன். மூன்றுக்கு இரண்டு. பரீட்சையில் முப்பத்தைந்துக்கே பாஸ் போடுகிறான்.

பத்து நாளில் பூனை சாகவில்லை என்றால் அதற்கு வெறிநோய் இல்லை. அதற்கு இல்லை என்றால் எனக்கும் இல்லை. பிறகு எதற்கு ஊசி? தமயந்தி தினமும் கேட்பாள். "ஊசி போட்டீங்களாப்பா?" போட்டாச்சு. "எத்தனைப்பா?" எல்லாம். போனை வை.

ஊசிக்குப் பயமா? எவன் சொன்னது? க.விலக்கு வரைக்கும் போனேன், தம்பி. சீட்டு வாங்கி வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நாலைந்து பேர்தான். ஊசி அறையை எட்டிப் பார்த்தேன். ஜன்னல் சாத்தியிருந்தது. மருந்து குளிர்ச்சியாக இருக்க வேண்டுமாம், ஏசி போட்டிருக்கிறார்களாம். சாத்தின ஜன்னலைப் பார்த்தேன். மூச்சு முட்டியது. வெளியே வந்தேன். ஒரு பஸ் நின்றது. ஏறிவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

தேனி வந்துவிட்டது. பத்து நிமிஷம் நிற்பான். நின்றால் காற்று வராது, சே. ஒரு வாய் தண்ணீர்.

ம். இறங்குகிறது.

ஏன் தண்ணீர், ஏன் ஜன்னல் என்று கேட்கிறீர்கள். கேட்டிருக்க வேண்டாம்.

எனக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். இதே போடி–மதுரை வண்டி. போடியில் ஒரு குடும்பம் ஏறியது. நாலு பேர் ஒரு ஆளைக் கைத்தாங்கலாகப் பிடித்திருந்தார்கள். தாட்டியான ஆள். ஏலக்காய் மூட்டை தூக்குகிறவன். டிக்கெட் கேட்டேன். அவனே மடியிலிருந்து காசை எடுத்தான். "மதுரைக்கு அஞ்சு பேருண்ணே" என்றான். தெளிவாகப் பேசினான், தம்பி. அதுதான் எனக்கு இன்றைக்கும். அவ்வளவு தெளிவாகப் பேசினான்.

வண்டி வேகம் எடுத்தது. காற்று மூஞ்சியில் அடித்தது. அவன் கழுத்து ஒரு பக்கமாக இழுத்தது. வாய் கோணியது. "ஷட்டரைப் போடுங்க, எல்லாரும் ஷட்டரைப் போடுங்க" என்று அவன் பெண்டாட்டி கத்தினாள். போட்டார்கள். பங்குனி வெயில். உள்ளே இருட்டு. மூச்சு விட முடியவில்லை. பின் சீட்டில் ஒரு பிள்ளை தண்ணீர் கேட்டு அழுதது. அதன் தாய் ஒரு தம்ளரில் ஊற்றினாள். அந்தச் சத்தம், ஊற்றுகிற சத்தம் மட்டும்தான். அவன் அதைப் பார்க்கக்கூட இல்லை. சத்தத்துக்கே துடித்துவிட்டான். நாலு பேர் பிடித்தும் நிற்கவில்லை.

அவள் என்னையே பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் என்னவோ டாக்டர் மாதிரி. "சின்னக் கீறல்தாண்ணே. வளத்த நாய்க்குட்டி. பல்லுகூடப் படல. நகந்தாண்ணே." திரும்பத் திரும்ப அதையே.

டபுள் விசில் கொடுத்தேன். ஒரு ஸ்டாப்பிலும் நிறுத்தவில்லை. உசிலம்பட்டியில் கை காட்டினவன் எல்லாம் என் பரம்பரையையே திட்டினான். மதுரையில் ஆஸ்பத்திரி வாசலுக்கே வண்டியை விட்டோம். இறங்கும்போது அவன் என்னைப் பார்த்தான். "வர்றேண்ணே" என்றான்.

வரவில்லை.

வண்டி கிளம்பிவிட்டது. நல்லது. அந்த ஜன்னலை இன்னும் கொஞ்சம் தள்ளுங்க.

என்ன? இதையெல்லாம் பார்த்துவிட்டு ஊசி போடாமல் இருக்கிறீர்களே என்றா? அவனுக்குக் கீறினது நாய். எனக்குப் பூனை. பூனை கடித்து யாராவது செத்துக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

இருக்கிறதா? எங்கே?

வேண்டாம். சொல்லாதீங்க.

கவனிக்கிறது என்றால் லேசு என்று நினைக்காதீங்க. அது என்ன ஸ்டாண்டில் நிற்கிற வண்டியா? தெருப்பூனை. காலையில் ஒரு ஓட்டில், மத்தியானம் வேறு ஓட்டில். கண்ணுக்கு மறைந்தால் இருக்கிறதா செத்ததா என்று யார் வந்து சொல்வது? அது என் வீட்டிலேயே இருக்க வேண்டும். அதற்கு மீன் வாங்க வேண்டியதாயிற்று. நெத்திலி தின்னாது. மத்திதான். அதிலும் தலை. வேகவைத்து, ஆறவைத்து, உதிர்த்து வைக்க வேண்டும். சூடாக வைத்தால் என்னைப் பார்த்து ஒரு சத்தம் போடும், என்னமோ நான் அதன் வீட்டு வேலைக்காரன் மாதிரி. சாக்கில் படுக்காது. என் காக்கிச் சட்டையைப் போட்டால்தான் படுக்கும். குட்டிகளைப் பக்கத்துத் தெருவில் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்கு முழுக்க வீட்டைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது. நான் சோறு பொங்கவில்லை. அந்தச் சத்தத்தில் எப்படிப் பொங்குவது?

"பூனை மேல பாசமாயிட்டீங்கப்பா" என்று தமயந்தி சிரிக்கிறாள். பாசமாம். நான் என் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்.

முதல் பத்து நாளில் ஏழு போனது. எட்டாம் நாள் தட்டை வைத்துவிட்டுக் கையை எடுப்பதற்குள் பல் பட்டுவிட்டது. பசி அதற்கு. அப்படியென்றால் முதலிலிருந்துதானே எண்ண வேண்டும்? எண்ணினேன். அப்புறம் கோடை மழை. ஓட்டு மேல் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றது. நனைந்து செத்தால் நோயில் செத்ததா மழையில் செத்ததா என்று எப்படித் தெரியும்? ஏணி போட்டு எடுக்கப் போனேன். பிறாண்டிவிட்டது. மறுபடியும் ஒன்று. அப்புறம் ஒரு நாள் வாலை மிதித்துவிட்டேன். மறுபடியும் ஒன்று. சித்திரையில் ஆரம்பித்த பத்து நாள், ஆடி வந்தும் முடியவில்லை.

சிரிக்காதீங்க. சிரிக்கிற விஷயமா இது?

கடைசியாக எண்ணினது ஒன்பது வரைக்கும் வந்தது. இன்னும் ஒரே நாள். மத்தி வைத்தேன். மோந்து பார்த்தது. தின்னவில்லை. கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. கூப்பிட்டேன். குரல் மாறியிருந்தது, கரகரவென்று. டார்ச் அடித்துப் பார்த்தேன். வாயிலிருந்து எச்சில். காக்கிச் சட்டை நனைந்திருந்தது.

கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி உள்ளே தள்ளினேன். கிண்ணத்தைப் பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

தம்பி, முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பொறு, பொறு, வாயில் புண்ணாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேற்றுக் காலையில் வாயைத் திறந்து பார்க்கப் போனேன். வேறு யார் இருக்கிறார்கள் பார்க்க? கட்டை விரலை விடவே இல்லை. உதறித்தான் எடுத்தேன்.

கதவில் நசுங்கியது என்று சொன்னேன் அல்லவா? கதவில் இல்லை. இதோ. இரண்டு ஓட்டை. ஆழம்தான். தெரிகிறது, ஆழம் என்று எனக்கே தெரிகிறது. சோப்புப் போட்டுக் கழுவினேன். கால் மணி நேரம் இல்லை, அரை மணி நேரம் கழுவினேன்.

நேற்றிலிருந்து நான் தண்ணீர் குடித்துக் குடித்துப் பார்க்கிறேன். காலையில் எழுந்ததும் ஒரு தம்ளர். வாசலுக்கு வந்து ஒரு தம்ளர். பஸ் ஸ்டாண்டில் ஒன்று. இன்றைக்குக் காலையில் புரை ஏறிவிட்டது. தம்ளரைப் போட்டுவிட்டுச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அவசரமாகக் குடித்தேன், அதனால்தான். வேறு எதனாலும் இல்லை. அவசரம்தான். உங்களுக்குப் புரை ஏறினதே இல்லையா?

ஒரு நாளில் எல்லாம் வராது என்று எனக்கும் தெரியும். ஆனால் சித்திரையில் கீறினது இருக்கிறதே. அது எங்கே வரைக்கும் போயிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

அதனால்தான் மாட்டு டாக்டர். அவர் பார்த்து, பூனைக்கு ஒன்றுமில்லை என்று சொல்லட்டும். ஒரு வார்த்தை போதும் எனக்கு. வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்குவேன்.

சொல்லாவிட்டாலா? சொல்லுவார். ஏன் சொல்லாமல்?

என்ன சொன்னீங்க? இன்னொரு தரம் சொல்லுங்க.

முள்ளா? மீன் முள்ளா?

முன்னங்காலால் வாயைத் தேய்க்கிறதா என்றா கேட்கிறீர்கள்? ஆமாம். தேய்க்கிறது. நேற்றிலிருந்து தேய்த்துக்கொண்டே இருக்கிறது. உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்கள் அக்கா வீட்டுப் பூனைக்கும் இப்படியேவா? எச்சில்? தண்ணீர் குடிக்காமல்? முள்ளை எடுத்ததும் சரியாகிவிட்டதா?

அட. அட, தம்பி. மத்தித் தலை. நான்தானே வைத்தேன். உதிர்த்துத்தான் வைப்பேன், அன்றைக்கு போன் வந்தது, தமயந்தி பேசினாள், அப்படியே வைத்துவிட்டேன். முள்தான். முள்ளாகத்தான் இருக்கும். இத்தனை நேரம் எனக்குத் தோன்றவில்லை பாருங்க.

நீங்களே பார்த்துவிடுங்க. எனக்குக் கண் சரியாகத் தெரியாது. கூடை மேல் போட்டிருக்கிற துண்டை லேசாக ஒதுக்குங்க. இப்படி. வாய்க்குள் மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று மூடிச் சந்து வழியாக எட்டிப் பார்த்தால் போதும். அது பயந்திருக்கிறது. மூடியைத் திறக்க வேண்டாம். கையை உள்ளே விட வேண்டாம். கையை விடாதீங்க. விரலை எடு, விரலை எடு!

ஐயோ.

காட்டு. காட்டுப்பா, கையைக் காட்டு. ரத்தம் வருகிறதே. துடைக்காதே. சட்டையில் துடைக்காதே! மூடு, முதலில் துண்டைப் போட்டு மூடு.

என்ன சொன்னே?

சின்னக் கீறல்தானா? நகந்தானா?

அப்படிச் சொல்லாதே. என்னிடம் சொல்லாதே அதை. அவளும் அதைத்தானே சொன்னாள். வாயை மூடு.

கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டு. சோப்பு இதோ. தேய். நல்லாத் தேய். எரிந்தால் எரியட்டும். பாட்டிலை நான் பிடித்து ஊற்றுகிறேன். வண்டி ஆடுகிறது, கையை உள்ளே இழுக்காதே. இன்னும் தேய். பின் சீட்டில் நனைந்தால் நனையட்டும். யாரம்மா திட்டுவது, கொஞ்சம் தள்ளி உட்காரு, ஒரு உயிர் விஷயம். மிச்சத்தை ஆஸ்பத்திரிக் குழாயில் கால் மணி நேரம் கழுவணும்.

தண்ணீர் தீர்ந்துவிட்டது.

எனக்கா? எனக்கு வேண்டாம். நான் குடித்துப் பார்த்து என்ன ஆகப்போகிறது? தண்ணீர் இறங்கவில்லை என்றால் அப்புறம் ஊசி எதற்கு? இறங்குகிறபோதே போட வேண்டும். அவன் பெண்டாட்டிக்கு யாராவது சொல்லியிருந்தால்... நீ எழுந்திரு.

முள்தானே என்கிறாயா? முள்ளாக இருக்கட்டும். நீ டாக்டரா? நான் டாக்டரா? முள் என்று நிச்சயமாகத் தெரிகிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு பத்து நாள் எண்ணப் போகிறாயா? மடையன்தான் அப்படி எண்ணுவான்.

எழுந்திரு. க.விலக்கு வருகிறது. மதுரை எங்கேயும் ஓடிவிடாது. கூடையைத் தூக்கு. அதன் பக்கத்தில் கையை வைக்காதே, கைப்பிடியைப் பிடி. மாட்டு டாக்டரைப் போன் போட்டு இங்கேயே வரச் சொல்கிறேன். வருவார். எத்தனை தரம் அவருக்கு முன் சீட்டு பிடித்துக் கொடுத்திருக்கிறேன்.

ஹோல்டான்! ஏ தம்பி, கண்டக்டர், ஹோல்டான்! விசில் கொடுப்பா!

ஆமாம், ஆண்டிபட்டிக்குத்தான் எடுத்தேன். முன்னாலேயே இறங்குகிறேன். காசைத் திருப்பிக் கேட்டேனா? ஆமாம், பூனைதான். ரூல் எனக்குத் தெரியும், அதான் இறங்குகிறேனே. மெதுவாகப்பா, படியில் தண்ணீர் கிடக்கிறது.

அதோ, அந்த நீளக் கட்டடம்தான். வரிசை எங்கே என்று எனக்குத் தெரியும். உள்ளே ஜன்னல் சாத்தியிருக்கும். மருந்துக்காக. அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

எனக்கு என்ன, நான் வாசலில் கூடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நீ போய்ப் போட்டுக்கொண்டு வா.

ஏன் நிற்கிறாய்? நட.

நீங்கள் வராவிட்டால் நானும் போக மாட்டேன் என்றால் என்ன அர்த்தம்? சின்னப் பிள்ளையா நீ? கையை விடு. விடுப்பா, எல்லாரும் பார்க்கிறார்கள்.

சரி.

சரி, கூடையை அந்த வேப்பமரத்தடியில் வை. துண்டு விலகாமல் வை. யாரும் கை வைக்காமல் அந்தப் பூக்காரம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

வரிசையில் நீ எனக்குப் பின்னால் நில். முன்னால் வேண்டாம், பின்னால். நான் திரும்பி ஓடினால் சட்டையைப் பிடி.